உள்ளே இருக்கான்

ஸ்டாக் கார் பந்தயத்தின் உச்சிக்குக் கச்சிதம் என்கிற மனிதர் போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் மூன்றே முக்கால் மணிக்கு. எதிர்வீட்டில் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். டிவி திரையில் ஒரு கடிதம் வந்து நின்றது. ஆங்கிலக் கடிதம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன சொல்றான்?"

"அடுத்த சீசன் பெரிய கோப்பையில ஓட்ட வரச் சொல்றாங்க. டீம்ல இடம் இருக்காம்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. அதுதான் கடைசி."

கச்சிதம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார். "பாத்தியா, நான் எங்க வந்து நிக்கிறேன்னு" என்றார். அவள் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் சிரித்தாள். 'நான்' என்ற சொல் மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக எங்கோ ஓரத்தில் நின்றது. அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் வீடியோ கேம்தான். அவர் உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்டியரிங்கை ஒரு பழைய தையல் மிஷின் மேசையில் திருகி வைத்திருந்தார்கள். காலால் மிதிக்கும் பெடல்கள் பின்னால் நழுவாமல் இருக்க, சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. கச்சிதத்தின் தம்பி வேறு ஊருக்கு வேலை மாறிப் போனபோது, மூட்டை கட்ட முடியாத சாமான்களோடு இதையும் இங்கே இறக்கிவிட்டுப் போனான். "அண்ணி, அண்ணன் வீட்ல சும்மா உக்காந்து உங்க உயிரை வாங்குறாருல்ல, இதைக் கொடுங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அப்போது அவர் அவள் உயிரைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

கச்சிதம் என்பது டிப்போவில் வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் ஓரடி நகர வேண்டாம், படிக்கட்டு அவர்கள் காலடியில் வந்து நிற்கும். மற்ற டிரைவர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஜனங்களை ஓடவிடுவார்கள். இவர் ஜனங்களை நிற்கவிட்டு பஸ்ஸை நிறுத்துவார். டிப்போவுக்குள் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே மூன்றாவதைச் செருகுவதென்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடியைக்கூட மடக்காமல் செருகிவிட்டு, இறங்க இடமில்லாமல் பின் ஜன்னல் வழியாக இறங்கி வருவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் டிப்போ வாசல் தூணில் பஸ்ஸின் இடது பக்கத்தை முன்னாலிருந்து பின்னால்வரை தேய்த்துக்கொண்டு வந்து நிறுத்தினார். இறங்கி, "என்ன சத்தம்?" என்று கேட்டார். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவர் பண்ணவில்லை.

மூளையில் ஒரு சின்ன அடைப்பு, வந்து நாலைந்து நாள் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். கை நன்றாக இருந்தது, கால் நன்றாக இருந்தது, பேச்சு முன்னைவிட அதிகமாகவே இருந்தது. இரண்டு கண்ணிலும் இடது பாதி மட்டும் போய்விட்டது. "கறுப்பாத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள். "உங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற சுவர் உங்களுக்குக் கறுப்பாவா தெரியுது? தெரியலை, அவ்வளவுதான். அவருக்கு இடது பக்கம் அப்படி. அங்க ஒண்ணு இருக்குன்னே தோணாது" என்றார் டாக்டர். வண்டி ஓட்டவே கூடாது என்று ரிப்போர்ட்டில் எழுதினார். ஓய்வு பெறும் மனுவோடு சேர்க்க அந்த ரிப்போர்ட்டை அவள்தான் தன் கடை மிஷினில் மூன்று பிரதி எடுத்தாள். எடுக்கும்போது படித்துப் படித்து வரிகள் மனப்பாடமாகிவிட்டன.

அவரோ மூன்றாம் மாதமே "அதெல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். சரியாகிவிட்டது என்று அவர் நம்பியதற்கு அவர்மேல் குற்றமில்லை. குற்றம் அவள்மேல்தான். சாப்பாட்டுத் தட்டில் இடது பக்கம் இருப்பதை அவர் தொடாமல் எழுந்திருக்கப் பார்த்தால், எதையோ பரிமாறுவதுபோல் குனிந்து தட்டைத் திருப்பி வைத்தாள். தெருவில் எப்போதும் அவருக்கு இடது பக்கமாகவே நடந்தாள். சைக்கிள் வந்தால் தோளால் லேசாக உரசி அவரை ஒதுக்கினாள். அவர் இடித்துக்கொள்ளக்கூடிய நாற்காலி, அலமாரிக் கதவு எல்லாவற்றையும் வலது பக்கத்துக்கு மாற்றினாள். ஒரு மனிதனுக்குப் பாதி உலகம் காணாமல் போனதே தெரியாமல் வீட்டை நடத்துவது சாமானிய வேலை இல்லை. அவள் நடத்தினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் பந்தயம் வந்தது. பார்வைக்குச் சாதாரணக் கார் மாதிரி இருக்கும், உள்ளே அசுர எஞ்சின். நாற்பது கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முட்டை வடிவ மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். திரும்புவதெல்லாம் இடது பக்கம்தான். வலது பக்கம் திரும்ப வேண்டிய வேலையே கிடையாது. இடது பாதி தொலைந்த மனிதருக்கு உலகத்தில் வேறு விளையாட்டே கிடைக்கவில்லை.

முதல் வாரம் மண் மைதானத்தில் ஒரு பந்தயம்கூட முடிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்பக்கமாக வருகிற காரின்மேல் போய் விழுந்தார். கேமில் இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. மேலே கோபுரத்தில் நின்று பார்ப்பவன்போல, எந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் ஆங்கிலத்தில் கடகடவென்று கொட்டியது இவருக்குப் பிடிக்கவில்லை, அவன் வாயை அடைத்துவிட்டார். அவன் போனாலும் இன்னொரு ஏற்பாடு இருந்தது. பக்கத்தில் கார் வந்துவிட்டால் திரையின் அந்த ஓரத்தில் ஒரு மஞ்சள் அம்புக்குறி எரியும். வலது பக்கம் வந்தால் வலது அம்பு, இடது பக்கம் வந்தால் இடது அம்பு.

"ஓட்டை கேம். வலது பக்கம் மட்டும்தான் அம்பு காட்டுது. இடது பக்கத்துக்கு வைக்கவே இல்லை பாரு, இவனுங்க புத்தி" என்றார் கச்சிதம்.

அப்போது இடது ஓரத்தில் அம்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். வாயில் வந்தது வேறு.

"ஆமா, வைக்கலை. நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்க."

அன்றிலிருந்து அவள்தான் அம்பு. மூன்றே வார்த்தைகள். இடது பக்கம் கார் வந்தால் "உள்ளே". நகராமல் கூடவே வந்தால் "இருக்கான்". தாண்டிவிட்டால் "போயிட்டான்". அவ்வளவு போதும் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. அவர் கை இன்னும் கச்சிதம்தான், அதில் பொய் இல்லை. பிரேக்கை எங்கே விட வேண்டும், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு நசுக்க வேண்டும் என்பதெல்லாம் கால் விரலிலேயே இருந்தது. மண் மைதானத்தில் ஜெயித்தார். அடுத்து சின்ன லாரிகள் ஓடும் பந்தயத்துக்கு ஏற்றிவிட்டார்கள், அதிலும் ஜெயித்தார். அதற்கு மேல் இரண்டாம் நிலைக் கார்கள். அதில் ஏழு மாதம். ஜெராக்ஸ் கடை அவளுக்கு இரண்டு மணிவரை. இரண்டரைக்கு வீடு, மூன்று மணிக்குப் பந்தயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலையில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது அப்போதுதான். கடையில் யாராவது நாற்பது பக்கம் பிரதி கேட்டு இரண்டு மணிக்கு மேல் இழுத்தால் அவளுக்கு எரிச்சலாக வந்தது. "உள்ளே" என்று அவள் சொன்ன கணத்தில் அவர் கை அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது, இந்த மனிதர் இதுவரை தன் பேச்சை எதிலாவது இப்படிக் கேட்டிருக்கிறாரா என்று தோன்றும். கேட்டதில்லை.

சரி, உச்சிக்கு வந்தாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். கச்சிதம் திரையில் வந்த கடிதத்தை போனில் படம் பிடித்து, "கலர்ல எடுத்து லேமினேட் பண்ணிட்டு வா" என்றார். அவளும் பண்ணிக் கொண்டுவந்தாள். அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனார். ஒன்றரை வருஷமாக அந்தப் பக்கமே தலைகாட்டாதவர்.

திரும்பி வரும்போது முகம் மினுமினுத்தது. கால் தரையில் இல்லை.

"வேலை கிடைச்சிருக்கு."

"என்ன வேலை?"

"மெக்கானிக்கோட மாமா பையன் நர்சரி ஸ்கூலுக்கு வேன் விடறான். டிரைவர் நின்னுட்டானாம். லேமினேஷனைப் பாத்தான். இப்படி ஓட்டறவருக்குக் கண்ணு தெரியலைன்னு எந்த மடையன் சொன்னான்னு கேட்டான். ஞாயித்துக்கிழமை வந்து நேர்ல பாக்கறானாம். பெரிய கோப்பையோட முதல் ரேஸ் அன்னிக்குத்தானே. பாத்துட்டான்னா திங்கள்லேருந்து வண்டி என் கையில."

அந்த வேனை அவளுக்குத் தெரியும். தினமும் ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் கடையைத் தாண்டிப் போகும். பதினாலு குழந்தைகள். ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கக் கதவில். இறங்கியதும் வேனை ஒட்டியே நின்று ஒன்றுக்கொன்று டாட்டா காட்டும். பள்ளிப் பை அவற்றின் முழங்கால்வரை தொங்கும்.

"வேன் வேண்டாங்க" என்றாள்.

"ஏன்?"

"டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காருல்ல."

"டாக்டர் என்னிக்காவது நாற்பது காருக்கு நடுவுல ஓட்டியிருக்கானா? பதினாலு மாசம் கேம் ஓட்டியிருக்கேன். ஒருத்தன்மேல இடிச்சேனா?"

"நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன். அதனாலதானே இடிக்கலை."

கச்சிதம் அவளை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். "நீ பேச்சுத் துணைக்கு உக்காந்திருக்கே. நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஓட்டறது நான்தானே?"

பதினாலு மாதம். ஒரு நாளைக்கு எத்தனை "உள்ளே", எத்தனை "இருக்கான்" என்று யார் எண்ணினார்கள்? பேச்சுத் துணை. அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

மறுநாள் கடையிலிருந்து மெக்கானிக்குக்கு போன் பண்ணினாள். டிப்போவில் கச்சிதத்துக்கு நெருங்கினவன், வீட்டுக்கு வந்து போகிறவன். அவருக்கு இடது பக்கம் இன்னும் தெரியவில்லை என்று சொன்னாள். அவன் சிரித்தான். "அண்ணி, நீங்க பயப்படறீங்க, அதான். அந்த மாதிரி ஓட்டறவருக்கு வேன் ஒரு பொம்மை. ஒரு வருஷமா செத்தவன் மாதிரி இருந்தாரு. நேத்துதான் மனுஷனா வந்தாரு. கெடுத்துடாதீங்க" என்றான். ரிப்போர்ட்டின் ஒரு பிரதி அவள் கைப்பையில் மடித்துக் கிடந்தது. வேன்காரரைத் தேடிப் போய் அதை நீட்டலாம். ஆனால் லேமினேட் செய்த காகிதத்தை நம்புகிறவன் மடித்த காகிதத்தை நம்பப்போவதில்லை. போதாக்குறைக்கு அந்த லேமினேஷனே அவள் கைவேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். மெக்கானிக், டிப்போ டைம்கீப்பர், வேன்காரர். வேன்காரர் சின்ன வயசு, நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றினார். அவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். கச்சிதம் சவரம் செய்து, பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் டைம்கீப்பர், "என்ன கச்சிதம், டியூட்டிக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்படி அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒன்றரை வருஷம் தட்டைத் திருப்பினாள்.

அறுபது சுற்றுப் பந்தயம். நாற்பது காரில் இவர் இருபத்தெட்டாவதாகக் கிளம்பினார். அவள் வழக்கம்போல் இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"உள்ளே. இருக்கான். இருக்கான். போயிட்டான்."

பத்தாவது சுற்றில் இருபது. இருபத்தைந்தாவது சுற்றில் பதிமூன்று. நிஜமாகவே அழகாக ஓட்டினார். இரண்டு காருக்கு நடுவே இருந்த இடைவெளியில், டிப்போவில் செருகுவாரே, அப்படிச் செருகினார். மெக்கானிக் தொடையில் தட்டினான். "அண்ணி என்ன, கமென்டரியா?" என்று வேன்காரர் கேட்டார்.

"அவ அப்படித்தான். ஆர்வக் கோளாறு. பேசாம இருக்க முடியாது" என்றார் கச்சிதம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேன்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போதும் சார். இதுக்கு மேல என்ன பாக்கறது? நாளைக்குக் காலைல ஏழரைக்கு வந்து சாவி வாங்கிக்குங்க."

டைம்கீப்பர் கச்சிதத்தின் தோளில் தட்டினார். ஸ்டியரிங் கொஞ்சம் ஆடியது, அவர் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது திருப்பம் வந்தது. இடது ஓரத்தில் மஞ்சள் அம்பு எரிந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

கச்சிதம் இடது பக்கம் ஒடித்தார். உட்பக்கத்தில் ஒட்டி வந்த நீலக் கார்மேல் முழு வேகத்தில் போய்ச் சரிந்தார். இரண்டும் சுழன்றன. பின்னால் வந்த ஒன்பது கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. திரை முழுக்கப் புகை.

"அட" என்றான் மெக்கானிக்.

"நடக்கறதுதான். இந்த ரேஸ்ல எல்லாருக்கும் நடக்கும்" என்றார் கச்சிதம். ஆனால் தலையை லேசாக அவள் பக்கம் திருப்பி, சின்னக் குரலில் "ம்?" என்றார். அவள் திரையையே பார்த்தாள்.

மஞ்சள் கொடி காட்டி எல்லாக் கார்களையும் மெதுவாக ஓடவிட்டார்கள். இவர் காரை ஓரம் கட்டித் தட்டி நிமிர்த்தினார்கள். கடைசி வரிசையிலிருந்து மறுபடி கிளம்பினார். இரண்டு சுற்றுகூட முடியவில்லை. அதே அம்பு, அதே திருப்பம். இந்தத் தடவை சிவப்புக் கார்.

மூன்றாவது தடவை அவர் கிளம்பியபோது வேன்காரர் எழுந்து நின்றுகொண்டு பார்த்தார். அம்பு எரிந்தது. "சார், இடது பக்கம் சார்" என்றார் அவர். அதற்குள் இடித்தாகிவிட்டது. முன் சக்கரம் கழன்று தனியாக உருண்டு போனது. பந்தயம் அவரைப் பொறுத்தவரை முடிந்தது.

"அம்பு காட்டிச்சே சார். நீங்க பாக்கலையா?" வேன்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்த கேம்ல இடது பக்கத்துக்கு அம்பு கிடையாது தம்பி. வலது பக்கம் மட்டும்தான். ஓட்டை கேம்" என்றார் கச்சிதம்.

மெக்கானிக் டைம்கீப்பரைப் பார்த்தான். உடைந்து நின்ற காரை மற்ற கார்கள் இடது பக்கமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று தாண்டும்போதும் இடது ஓரத்தில் அம்பு எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது.

"இதோ எரியுதே சார்."

"எங்க?"

டைம்கீப்பர் எழுந்து போய் டிவியின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். "இங்க, கச்சிதம்."

கச்சிதம் அவர் குரல் வந்த பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினார். கழுத்து முழுக்கத் திரும்பிய பிறகுதான் முதலில் ஒரு விரல் வந்தது, பிறகு கை வந்தது, பிறகு டைம்கீப்பர் வந்தார். அந்த விரலுக்குக் கீழே அம்பு எரிந்தது. அவர் முகத்தில் அப்போது வந்ததை அவள் பார்த்திருக்க வேண்டியதில்லை. பார்த்தாள்.

வேன்காரர் "பாத்துச் சொல்றேன் சார்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். மெக்கானிக் அவளைப் பார்க்கவே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெடலுக்குப் பின்னால் செங்கல் நகர்ந்திருந்தது.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு, அம்பு இருக்குன்னு?"

"முதல்லேருந்து."

"அப்ப, சரியாயிடுச்சுன்னு நான் சொன்னப்பல்லாம்?"

"சரியாகலைன்னு தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். கத்தினால் தேவலை என்று இருந்தது. அவர் கத்தவில்லை.

"வேன்ல பதினாலு குழந்தைங்க, சரி. நான் ஏறக் கூடாது, சரி. நீ பண்ணது சரிதான். ஆனா நேத்து சாயங்காலம் நாம ரெண்டு பேரும்தானே இங்க உக்காந்திருந்தோம்? நேத்து வாயை மூடியிருந்தா நான் நேத்தே இடிச்சிருப்பேன். உன் முன்னால மட்டும் இடிச்சிருப்பேன். அம்பை நீயே தொட்டுக் காட்டியிருக்கலாம். எதுக்கு அவங்க வரவரைக்கும் வெச்சிருந்தே?"

குழந்தைகளுக்காகத்தான் வாயை மூடினாள், சத்தியமாக. ஆனால் குழந்தைகளுக்காக மட்டும் என்றால், சனிக்கிழமையே மூடியிருக்கலாம். பேச்சுத் துணை என்று அவர் சொன்ன அன்றைக்கே மூடியிருக்கலாம். 'ஆர்வக் கோளாறு' என்று நாலு பேர் எதிரில் சொல்லும்வரை காத்திருந்தாள். அதில் எத்தனை பங்கு குழந்தைகளுக்கு, எத்தனை பங்கு தனக்கு என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"தோணலை" என்றாள்.

"தோணலை" என்று அவரும் சொன்னார்.

டிப்போவில் கதை வேறு மாதிரி பரவியது. புருஷன் முன்னேறுவது பொறுக்காமல் மனைவி காலை வாரிவிட்டாள் என்றார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் பிரதி எடுக்க வந்த கண்டக்டர் ஒருத்தர், "நீங்கதானா அந்த அம்மா?" என்று கேட்டுவிட்டு, மீதிச் சில்லறையை வாங்காமல் போனார். அவள் மறுக்கவில்லை. வீட்டில் அவர் நன்றாகத்தான் பேசினார். அதாவது கேட்டால் பதில் சொன்னார். சாப்பிடும்போது தட்டைத் தானே திருப்பிக்கொண்டார், கடிகார முள் மாதிரி, கால் சுற்று கால் சுற்றாக. அவள் கையை நீட்டினால் "வேண்டாம்" என்றார். தெருவில் தனியாகப் போய், தோளில் எங்கோ இடித்த சுண்ணாம்போடு வந்தார். கேட்டதற்கு "சுவர்" என்றார்.

பத்து நாள் டிவியைத் தொடவில்லை. பதினோராம் நாள் அவள் கடையிலிருந்து வரும்போது எஞ்சின் சத்தம் தெருவரை கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். ஸ்டூல் அங்கே இல்லை, அடுப்படியில் டப்பா எடுக்க ஏறுகிற இடத்தில் கிடந்தது. கச்சிதம் பெரிய கோப்பையின் இரண்டாவது பந்தயத்தில் முப்பத்தாறாவதாக ஓடிக்கொண்டிருந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் தலையை இடது பக்கம் வெட்டி வெட்டித் திருப்பிப் பார்த்தார். பார்த்துத் திரும்புவதற்குள் மற்றவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். நெற்றியில் வியர்வை கோத்திருந்தது. ஆனாலும் இடிக்கவில்லை. இப்படியே ஓட்டினால்கூடப் போதும் என்று நினைத்தாள். முப்பத்தாறாவது இடம் என்ன மோசமான இடமா?

அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்றாள். அவள் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கடைசிச் சுற்று. தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் நேரே பார்த்த அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் உட்பக்கம் நுழைந்தது. அம்பு எரிந்தது.

"உள்ளே" என்றாள். யோசித்துச் சொல்லவில்லை. பதினாலு மாதப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "இருக்கான்."

ஸ்டியரிங்கில் அவர் கை நின்றது. வழக்கம்போல, கச்சிதமாக, அந்தச் சொல்லிலேயே நின்றது. அவருக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

பிறகு அவர் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார்.